லைன் 5 குழாயை எதிர்க்கும் பூர்வகுடிகளுக்குத் துணை நிற்பது எப்படி: ஒரு முழுமையான வழிகாட்டி

டொராண்டோவின் வடக்கே, ஃபிஞ்ச் அவென்யூவை ஒட்டி, மின்கோபுரங்கள் வரிசையாகப் போகும் புல்வெளித் தடம் ஒன்று இருக்கிறது. மாலையில் நம்மவர்கள் நிறையப் பேர் அங்கே நடக்கப் போவார்கள். அந்தப் புல்லுக்கு அடியில் லைன் 9 என்ற எண்ணெய்க் குழாய் போகிறது. ஒருநாள் நின்று எச்சரிக்கைக் கம்பத்தை வாசிக்கும்வரை எனக்கும் அது தெரியாது.

சார்னியாவிலிருந்து மொன்றியலுக்குப் போகும் குழாய் அது. சார்னியாவுக்கு எண்ணெய் வரும் முக்கியமான வழி லைன் 5. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் சுப்பீரியர் என்ற ஊரில் கிளம்பி, மிச்சிகனைக் கடந்து, 1,038 கிலோமீட்டர் ஓடிக் கனடாவுக்குள் நுழைகிறது. போட்டது 1953இல். கச்சா எண்ணெயும் திரவ வாயுவுமாக ஒரு நாளைக்கு 5,40,000 பீப்பாய் வரை அதில் போகும். லிட்டர் கணக்கில் சுமார் எட்டரைக் கோடி.

இந்தக் குழாயில் 19 கிலோமீட்டர், விஸ்கான்சினில் இருக்கும் பேட் ரிவர் ஒஜிப்வே என்ற பூர்வகுடி மக்களின் நிலத்துக்குள் போகிறது. அதை எடுத்துவிடு என்று அவர்கள் சொல்லிப் பல வருடம் ஆகிறது. அவர்களுக்கும், இதே மாதிரி வேறு குழாய்களை எதிர்த்து நிற்கும் பூர்வகுடி மக்களுக்கும் வெளியாட்களான நாம் எப்படி உதவுவது என்பதுதான் விஷயம். கனடாவிலும் அமெரிக்காவிலும் இருக்கும் தமிழர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். மற்ற இடங்களில் இருப்பவர்கள் 2, 3, 6 ஆகிய படிகளை எடுத்துக்கொள்ளலாம்.

படி 1: யாருடைய நிலம், யார் முடிவெடுக்கிறார்கள் என்று படியுங்கள்

இதற்கு ஒரு வார இறுதியை ஒதுக்குங்கள். பதாகை எழுதுவதெல்லாம் அப்புறம்.

பேட் ரிவர் மக்கள் 1854ஆம் ஆண்டு அமெரிக்க அரசோடு போட்ட லா பாயிண்ட் ஒப்பந்தத்தின்படி அந்த நிலத்தில் இருப்பவர்கள். பேட் ரிவர் என்ற அந்த ஆறு சுப்பீரியர் ஏரியில் சேரும் இடத்தில் பெரிய சதுப்புநிலம் ஒன்று இருக்கிறது. 2012இல் அது, உலக அளவில் முக்கியமான சதுப்புநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. அங்கே தண்ணீரிலேயே முளைத்து விளையும் ஒரு காட்டரிசி உண்டு. அவர்கள் மொழியில் மனோமின். தண்ணீரின்மேல் உணவு விளையும் இடம் வரை மேற்கே போங்கள் என்ற வாக்கைக் கேட்டுத் தங்கள் முன்னோர் கிழக்கிலிருந்து வந்தார்கள் என்பது அவர்களுடைய இடப்பெயர்வுக் கதை. ஆகஸ்ட் கடைசியிலும் செப்டம்பரிலும் அறுவடை. ஒரு படகில் இரண்டு பேர். ஒருவர் நீண்ட கழியால் ஊன்றிப் படகைத் தள்ளுவார். மற்றவர் கையில் இரண்டு குச்சிகள். ஒன்றால் கதிரைப் படகுக்குள் வளைத்து, மற்றதால் மெல்லத் தட்டுவார். முற்றிய மணி படகுக்குள் விழும், முற்றாதது தாளிலேயே நிற்கும், கொஞ்சம் தண்ணீரில் விழுந்து அடுத்த வருடத்துக்கு விதையாகும். இதைத் தெரிந்துகொண்ட பிறகு, எண்ணெய் கசிந்தால் அவர்களுக்கு என்ன போகும் என்பதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

வழக்கின் கதையையும் படியுங்கள். குழாய்க்குக் கொடுத்திருந்த வழியுரிமைகளில் பல 2013இல் காலாவதியாயின. புதுப்பிக்கப் போவதில்லை என்று பழங்குடிச் சபை 2017 ஜனவரியில் தீர்மானம் போட்டது. எண்ணெய் நிற்கவில்லை. 2019இல் குழாயை நடத்தும் என்பிரிட்ஜ் நிறுவனத்தின் மேல் வழக்குப் போட்டார்கள். இதற்கிடையில் ஆறு வளைந்து வளைந்து கரையை அரித்துக்கொண்டே வந்தது. 2023 வசந்தகால வெள்ளத்துக்குப் பிறகு, சில இடங்களில் கரைக்கும் குழாய்க்கும் நடுவே 15 அடிகூட இல்லை. அந்த ஜூனில் நீதிபதி வில்லியம் கான்லி, நிறுவனம் அத்துமீறி நிலத்தில் இருக்கிறது என்று சொல்லி, 50 லட்சம் டாலருக்கு மேல் கொடுக்கவும், 2026 ஜூன் 16க்குள் அந்த நிலத்தில் குழாயை நிறுத்தவும் உத்தரவிட்டார். இரண்டு தரப்பும் மேல்முறையீடு செய்தன. நிறுவனமோ ஒதுக்கீட்டு நிலத்தை, அதாவது ஒப்பந்தப்படி அந்த மக்களுக்கென்று ஒதுக்கிய நிலத்தைச் சுற்றி 66 கிலோமீட்டர் மாற்று வழி போடக் கிளம்பியது. அதுவும் அதே நீர்ப்பிடிப்புப் பகுதிக்குள்தான் வருகிறது என்பது பேட் ரிவர் மக்களின் பதில். நீங்கள் இதைப் படிக்கும் நாளில் வழக்கு எங்கே நிற்கிறது என்று முதலில் பார்த்துவிடுங்கள். பழைய தகவலோடு போய் நிற்பதைப் போல அவமானம் வேறில்லை.

இன்னொன்று. பூர்வகுடி மக்கள் எல்லாரும் ஒரே குரலில் பேசுவார்கள் என்று நினைக்காதீர்கள். கனடாவின் அல்பெர்ட்டாவிலிருந்து மேற்குக் கடற்கரைக்குப் போகும் டிரான்ஸ் மவுண்டன் குழாயை ட்ஸ்லெய்ல்-வாடுத் என்ற பூர்வகுடி மக்கள் நீதிமன்றம் வரை கொண்டுபோய் 2018 ஆகஸ்டில் அதன் அனுமதியையே ரத்து செய்ய வைத்தார்கள். அதே குழாயோடு உடன்படிக்கை போட்ட சமூகங்களும் உண்டு. தேர்தலில் வந்த சபை ஒன்று சொல்ல, பரம்பரைத் தலைவர்கள் வேறு சொல்லும் இடங்களும் உண்டு. சபை என்ற அமைப்பைப் பல இடங்களில் சட்டம் போட்டுத் திணித்ததே வெள்ளை அரசாங்கம்தான் என்பது அந்தச் சண்டைக்குப் பின்னால் இருக்கும் கதை. நடுவில் புகுந்து பஞ்சாயத்துப் பண்ண நமக்கு வேலையில்லை. எந்தத் தரப்போடு நிற்கிறோம் என்று தெரிந்து நின்றால் போதும்.

கூடவே நீங்கள் குடியிருக்கும் நிலத்தின் ஒப்பந்தத்தையும் தேடுங்கள். ஸ்கார்பரோவில் இருந்தால், 1923ஆம் ஆண்டின் வில்லியம்ஸ் ஒப்பந்தங்கள் என்று தேட ஆரம்பிக்கலாம்.

படி 2: அவர்கள் கேட்டதைச் செய்யுங்கள்

2016இல் அமெரிக்காவின் வட டகோட்டாவில், ஸ்டாண்டிங் ராக் என்ற பூர்வகுடிப் பகுதியில் டகோட்டா ஆக்சஸ் என்ற எண்ணெய்க் குழாயை எதிர்த்து முகாம் போட்டிருந்தபோது, அக்டோபர் கடைசியில் ஒரு செய்தி பரவியது. முகாமில் இருப்பவர்களைப் போலீஸ் ஃபேஸ்புக் வழியாகக் கண்காணிக்கிறது, எல்லாரும் ஸ்டாண்டிங் ராக்கில் இருப்பதாகப் பதிவிட்டுக் குழப்புவோம் என்று. 10 லட்சத்துக்கும் அதிகமானோர் வீட்டுச் சோபாவில் இருந்தபடியே அங்கே போனதாகப் பதிவு போட்டார்கள். நாங்கள் அப்படிப் பார்ப்பதே இல்லை என்றது போலீஸ். உலகத்தின் கவனம் திரும்பியது என்னவோ உண்மைதான். ஆனால் அதே வாரம் முகாம் கேட்டுக்கொண்டிருந்தது விறகும் வக்கீல் செலவும்.

அந்தக் குளிர்காலத்தில் நாங்களும் ஒரு கூத்து அடித்தோம். நண்பர்கள் நாலு வீட்டில் துணி சேர்த்து 14 கருப்புப் பைகள் கட்டி ஒரு கராஜில் அடுக்கினோம். உள்ளே கோட்டு, சுவெட்டர், பிள்ளைகளின் பழைய பனிச்சப்பாத்து. யாரோ ஒரு பையில் கல்யாணத்துக்குப் போடும் கோட்டு-சூட்டைக்கூட வைத்திருந்தார்கள். அனுப்பும் செலவைக் கணக்குப் போட உட்கார்ந்தபோதுதான் ஒருத்திக்கு முகாமின் பட்டியலைப் பார்க்கத் தோன்றியது. துணி போதும், தயவுசெய்து அனுப்பாதீர்கள் என்று போட்டிருந்தது. அனுப்பும் செலவுக்கு வைத்திருந்த பணத்தை அப்படியே சட்ட நிதிக்குப் போட்டோம். பைகள் உள்ளூர்த் தர்மக் கடைக்குப் போயின.

ஆகவே வரிசை இதுதான்: அந்தச் சமூகத்தின் சொந்த இணையதளம், சபையின் அறிவிப்பு, முகாமின் தேவைப் பட்டியல், அவர்களே நடத்தும் வழக்கறிஞர் குழு. இந்த நாலிலும் இல்லாத ஒன்றைச் செய்யத் தோன்றினால், கேட்டுவிட்டுச் செய்யுங்கள். பதில் வராவிட்டால் வேண்டாம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். அவர்களுக்கு உங்கள் மின்னஞ்சலைவிட அவசரமான வேலைகள் இருக்கும்.

படி 3: பணம்

சொல்லக் கூச்சமாக இருந்தாலும் அதிகம் உதவுவது இதுதான். பணம் மூன்று இடங்களுக்குத் தேவைப்படும்: ஜாமீன், வழக்கு, அன்றாடச் செலவு. ஸ்டாண்டிங் ராக்கில் 800க்கும் மேற்பட்டோர் கைதானார்கள். மினசோட்டாவில் லைன் 3 என்ற இன்னொரு குழாயின் கட்டுமானத்தின்போது ஏறத்தாழ 1,000 பேர். ஒவ்வொருவருக்கும் வக்கீல், ஒவ்வொருவருக்கும் நாலைந்து வாய்தா.

பரபரப்பான நேரத்தில் போலி நிதிப் பக்கங்கள் முளைக்கும். சமூகத்தின் சொந்தத் தளத்தில் இருக்கும் இணைப்பிலிருந்து மட்டும் அனுப்புங்கள். வாட்ஸ்அப்பில் வரும் இணைப்பை, அனுப்பியவர் சித்தப்பாவாக இருந்தாலும், தொடாதீர்கள். வரிவிலக்கு ரசீது வேண்டுமென்றால் பதிவு பெற்ற அறக்கட்டளைக்குத்தான் கொடுக்க முடியும். ஆனால் அவசரச் செலவுக்குப் பணம் வேண்டிய குழுக்கள் பலவற்றுக்கு அந்தப் பதிவு இருக்காது. நான் ரசீதை மறந்துவிடுவேன். மாதம் 20 டாலர் என்று தானாகப் போகும்படி வைத்துவிடுவது, செய்தி சூடாக இருக்கும்போது 200 போட்டுவிட்டு மறப்பதைவிட அவர்களுக்குப் பயன்படும்.

கோயில், ஊர்ச்சங்கம், பழைய மாணவர் சங்கம் என்று நம்மிடம் நிதி சேர்க்கும் அமைப்புகளுக்குப் பஞ்சமில்லை. ஓர் இரவு உணவு வைத்துச் சேர்க்கலாம். அந்த மேடைக்கு அவர்களில் ஒருவரை அழைத்தால் பயணச் செலவும் பேச்சுக்கான தொகையும் முதலிலேயே கொடுங்கள். பொன்னாடை மட்டும் போர்த்தி அனுப்பாதீர்கள்.

படி 4: நேரில் போவதென்றால்

முதலில், வரச் சொல்லியிருக்கிறார்களா என்று பாருங்கள். பேட் ரிவர் போன்ற இடங்களில் போராட்டம் பெரும்பாலும் நீதிமன்றத்திலும் அனுமதி அலுவலகங்களிலும் நடக்கிறது. அழைக்காமல் ஒதுக்கீட்டு நிலத்துக்குள் காரை ஓட்டிக்கொண்டு போவது விருந்தாளித்தனம்கூடக் கிடையாது. பொது விசாரணைக் கூட்டம், ஊர்வலம், முகாம் என்று வெளியாட்களை அழைக்கும் நாட்கள் தனியாக அறிவிக்கப்படும்.

அழைத்தால், உங்களைத் தாங்கிக்கொள்ள உங்களால் முடியவேண்டும். உங்கள் தண்ணீர், உங்கள் சாப்பாடு, உங்கள் மருந்து, திரும்பி வரப் பெட்ரோல். குளிர்காலத்தில் அந்தப் பக்கம் சுழியத்துக்குக் கீழே 20 டிகிரி சாதாரணம். கோடைக் கூடாரத்தோடு போய் நடுங்கினால் உங்களைப் பார்த்துக்கொள்ளவே இரண்டு பேர் வேண்டியிருக்கும்.

போன பிறகு முகாம் விதிகள் உண்டு. மது, போதை, ஆயுதம் எதுவும் கூடாது. புதியவர்களுக்கு அறிமுக வகுப்பு நடந்தால் முதலில் அதில் போய் உட்காருங்கள். புனித நெருப்பு எரிந்துகொண்டிருக்கும். அது குளிர்காயவோ குப்பை போடவோ வைத்ததில்லை. சிகரெட் துண்டைக்கூட எறியக்கூடாது. சடங்கு நடக்கும்போது போன் பைக்குள். சடங்குக்குப் பெண்கள் நீளப் பாவாடை அணியச் சொல்வது ஸ்டாண்டிங் ராக்கில் வழக்கமாக இருந்தது. சாப்பாட்டு வரிசையில் மூத்தவர்கள் முதலில். பெரியவர் ஒருவரிடம் ஏதாவது கேட்கப் போனால் ஒரு சிட்டிகை புகையிலையைக் கையில் கொடுத்துவிட்டுக் கேட்பது ஒஜிப்வே முறை. நம்மூரில் வெற்றிலை பாக்கு வைத்துக் கேட்பதைப் போலத்தான், விளக்கமே தேவைப்படாது.

அவர்கள் தங்களைப் போராட்டக்காரர்கள் என்று சொல்லிக்கொள்வதில்லை. தண்ணீர்க் காவலர்கள் என்பார்கள். லகோட்டா மொழியில் 'ம்னி விச்சோனி', தண்ணீரே உயிர். கோஷமாகப் போடுகிறார்களே என்று மேலோட்டமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அது அவர்களுக்குப் பிரார்த்தனையும்கூட.

என்ன வேலை செய்வது என்று கேட்டால் பெரும்பாலும் பாத்திரம் கழுவச் சொல்வார்கள். கழுவுங்கள். நூறு பேருக்குச் சமைத்துப் பழகிய கை நம் வீடுகளில் நிறைய உண்டு. சமையற்கட்டில் ஆள் தேவை என்றால் அதைவிட நல்ல உதவி கிடையாது. மசாலாவை மட்டும் கேட்டுப் போடுங்கள். மைக்கைத் தேடிப் போகாதீர்கள். நம்முடைய 1983, 2009 கதைகளை அங்கே விரிக்கவும் வேண்டாம். அவர்களே கேட்டால் சொல்லலாம். சில நேரம் கேட்பார்கள், அப்போது அது வேறு மாதிரியான உரையாடல்.

படி 5: கைது, விசா, போன்

நம்மில் பலருக்கு எல்லாவற்றையும்விட முக்கியமான படி இதுதான். இந்தப் பேச்சை வெள்ளைக்கார நண்பர்கள் எழுதும் வழிகாட்டிகளில் ஓரிரு வரியில் முடித்துவிடுவார்கள்.

குழாய் நிறுவனம் நீதிமன்றத்தில் தடையாணை வாங்கும். அதன் பிறகு குறிப்பிட்ட எல்லைக்குள் நின்றாலே நீதிமன்ற அவமதிப்பு. 2018இல் டிரான்ஸ் மவுண்டன் குழாய்க்காக வான்கூவருக்குப் பக்கத்தில் பர்னபி மலையில் 200க்கும் மேற்பட்டோர் அப்படித்தான் கைதானார்கள், அதில் இரண்டு நாடாளுமன்ற உறுப்பினர்களும் உண்டு. ஆரம்பத்தில் வந்தவர்களுக்கு 500 டாலர் அபராதம். அந்தக் கோடையிலேயே நாட்கணக்கில் சிறை என்று ஆனது. ஸ்டாண்டிங் ராக்குக்குப் பிறகு அமெரிக்க மாநிலங்கள் பலவும், குழாய் வளாகத்துக்குள் நுழைவதைக் கடும் குற்றமாக்கும் சட்டங்களைக் கொண்டுவந்தன.

குடியுரிமை உள்ளவருக்குக் கைது ஒரு தழும்பு. எஃப்-1, எச்-1பி, மாணவர் அனுமதி, அகதிக் கோரிக்கை, நிரந்தர வதிவிடம் என்று இருப்பவருக்கு அதுவே நாட்டை விட்டுப் போகும் வழியாகிவிடலாம். வழக்குத் தள்ளுபடியானாலும், எப்போதாவது கைதானதுண்டா என்ற கேள்வி ஒவ்வொரு படிவத்திலும் வரும். அதனால் குடியுரிமை இல்லாதவர்கள் தடையாணை எல்லைக்குப் பக்கத்திலேயே போகாதீர்கள். போவதற்கு முன் குடிவரவு வக்கீல் ஒருவரிடம் உங்கள் நிலைமையைச் சொல்லிக் கேளுங்கள். நான் வக்கீல் இல்லை. எல்லை தாண்டிப் போவதாக இருந்தால் இன்னும் கவனம் தேவை. இதில் கோழைத்தனம் எதுவும் இல்லை. சாப்பாடு, வாகனம், பிள்ளை பார்த்துக்கொள்வது, நீதிமன்றத்தில் குறிப்பெடுப்பது என்று கைதாகாத வேலைகள்தான் அதிகம், அவற்றுக்குத்தான் ஆள் கிடைப்பதில்லை.

குடியுரிமை இருந்து, தெரிந்தே ஆபத்தை ஏற்பவர்களுக்குச் சில குறிப்புகள். சட்ட உதவி எண்ணை அழியாத மையால் கையில் எழுதுங்கள், போனைப் பிடுங்கிவிடுவார்கள். போனில் முகம், விரல்ரேகைத் திறப்பை அணைத்து எண்பூட்டு மட்டும் வையுங்கள். பெயரைச் சொன்ன பிறகு, வக்கீல் வரும்வரை பேசமாட்டேன் என்பதோடு நிறுத்துங்கள். வீட்டில் நம்பகமான ஒருவரிடம் சாவி, மருந்து விவரம், வேலையிடத்துக்கு என்ன சொல்வது எல்லாம் விட்டுப் போங்கள். அம்மாவிடம் முன்பே சொல்லிவிடுங்கள். செய்தியில் பார்த்துத் தெரிந்துகொண்டால் அது தனி வழக்கு.

மற்றவர்கள் முகம் தெரியும் படத்தைப் பதிவேற்றாதீர்கள். ஸ்டாண்டிங் ராக்கில் குழாய் நிறுவனம் அமர்த்திய டைகர்ஸ்வான் என்ற தனியார் பாதுகாப்பு நிறுவனம் முகாம்களை வேவு பார்த்தது பின்னால் வெளியே வந்தது.

படி 6: இருக்கும் இடத்திலிருந்து

கனடாத் தமிழர்களுக்கு ஒரு தனிப் பொறுப்பு இருக்கிறது. 1977இல் கனடாவும் அமெரிக்காவும் எண்ணெய்க் குழாய்கள் பற்றி ஒரு உடன்படிக்கை போட்டன. லைன் 5ஐ நிறுத்த மிச்சிகன் மாநிலம் முயன்ற விவகாரத்தில் 2021 அக்டோபரிலும், பேட் ரிவர் வழக்கில் 2022 ஆகஸ்டிலும் கனடா அரசு அந்த உடன்படிக்கையைத் தூக்கிக்கொண்டு வந்து, குழாயை நிறுத்தக்கூடாது என்றது. அதாவது நம் ஓட்டில் வந்த அரசு அந்த மக்களுக்கு எதிர்த்தரப்பில் நிற்கிறது. இதே அரசுதான் பூர்வகுடி உரிமைகள் பற்றிய ஐ.நா. பிரகடனத்தை நடைமுறைப்படுத்த 2021இல் சட்டமும் கொண்டுவந்தது. 2023 முதல் 2025 வரை பூர்வகுடி உறவுகளுக்கான அமைச்சராக இருந்த கேரி ஆனந்தசங்கரி ஸ்கார்பரோத் தமிழர். கதவு எங்கே இருக்கிறது என்று நமக்குத் தெரியாமலில்லை. உங்கள் தொகுதி உறுப்பினருக்கு எழுதும்போது, 1977 உடன்படிக்கையைக் காட்டி அரசு சொன்னதையும் 2021 சட்டத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எப்படிப் பொருந்தும் என்று கேளுங்கள். ஒரு பக்கம் போதும். பதிலாக ஓர் அச்சுக் கடிதம் வரும். அதற்குப் பதில் எழுதி, நேரில் 15 நிமிடம் கேளுங்கள்.

வங்கி அடுத்தது. டகோட்டா ஆக்சஸ் குழாய்க்கு 17 வங்கிகள் சேர்ந்து கடன் கொடுத்திருந்தன. மக்கள் நெருக்கியதில் நார்வேயின் டிஎன்பி வங்கி தன் பங்கை விற்று வெளியேறியது. சியாட்டில் நகரசபை 2017 பிப்ரவரியில் வெல்ஸ் ஃபார்கோவோடு உறவை முறித்துக்கொள்ள வாக்களித்தது. குழாய் அதனால் நிற்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2017 ஜூன் 1 முதல் எண்ணெய் ஓடுகிறது. ஆனாலும் அடுத்த குழாய்க்குக் கடன் கேட்டுப் போகிறவர் அந்தக் கதையையும் தூக்கிக்கொண்டுதான் போகவேண்டியிருக்கும். வீட்டுக்கடன் புதுப்பிக்கும் நேரம், ஓய்வூதிய நிதியின் ஆண்டுக் கூட்டம், இதெல்லாம் கேள்வி கேட்க நல்ல தருணங்கள். வங்கியை மாற்றினால், ஏன் மாற்றினேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டு மாற்றுங்கள். காரணம் சொல்லாமல் போனால் வட்டி விகிதம் என்று நினைத்துக்கொள்வார்கள்.

சுற்றுச்சூழல் தாக்க அறிக்கைக்குக் கருத்துக் கேட்கும் காலம் வந்தால், எல்லாரும் நகலெடுத்து அனுப்பும் ஒரே கடிதத்தை விட்டு, ஒரு குறிப்பிட்ட பக்கத்தை எடுத்து எழுதுங்கள். நீரியல், மண், பொறியியல் படித்தவர்கள் நம்மில் எத்தனை பேர்! குழாய் கடக்கும் ஓடைகளின் கணக்கு, கசிவைக் கண்டுபிடிக்க ஆகும் நேரம், இவற்றில் கேள்வி எழுப்புங்கள். 2010இல் மிச்சிகனின் மார்ஷல் ஊரருகே இதே நிறுவனத்தின் இன்னொரு குழாய் உடைந்தபோது, எச்சரிக்கை மணி திரும்பத் திரும்ப அடித்தும் 17 மணி நேரம் சரியாக நிறுத்தவில்லை. 8 லட்சம் காலனுக்கு மேல் வெளியேறி கலமஜூ ஆறு வரை போனது.

படி 7: சாப்பாட்டு மேசையில்

"தம்பி, நீங்களும் கார்தானே ஓடுறியள்?" இது எங்கள் மாமா. ஒவ்வொரு பண்டிகைக்கும் கேட்பார். சிரித்து மழுப்பாதீர்கள், கேள்வி நியாயமானதுதான். மிச்சிகனின் வடபகுதியில் பல வீடுகளை லைன் 5இல் வரும் புரொப்பேன்தான் சூடாக்குகிறது. நம் சொந்தக்காரர்களே அல்பெர்ட்டா எண்ணெய் வயல்களிலும் சார்னியா ஆலைகளிலும் வேலை பார்க்கிறார்கள். நான் மாமாவிடம் சொல்வது: காலாவதியான வாடகை ஒப்பந்தத்தோடு ஒருவர் உங்கள் வீட்டு அடித்தளத்தில் உட்கார்ந்துகொண்டு, நான் போனால் பக்கத்து வீட்டுக்குக் குளிரும் என்றால் என்ன செய்வீர்கள்? அடித்தளத்தை வாடகைக்கு விட்ட அனுபவம் உள்ள மனிதர். கொஞ்ச நேரம் பேசவில்லை.

படி 8: கூட்டம் கலைந்த பிறகு

ஸ்டாண்டிங் ராக் முகாமை 2017 பிப்ரவரி 23 அன்று காலி செய்தபோது, விட்டுப்போன கூடாரங்களும் வண்டிகளும் பனிக்கடியில் கிடந்தன. பனி உருகி வெள்ளம் வருவதற்குள் அவ்வளவையும் அள்ளவேண்டியிருந்தது. காப்பாற்ற வந்த ஆற்றுக்கே அந்தக் குப்பை போயிருக்கும். கொண்டுபோனதைக் கொண்டுவாருங்கள்.

பிறகு நிறுவனங்களின் முறை வரும். 2025 மார்ச்சில் வட டகோட்டா ஜூரி ஒன்று, டகோட்டா ஆக்சஸ் போராட்டத்துக்காக கிரீன்பீஸ் என்ற சுற்றுச்சூழல் அமைப்பு 66 கோடி டாலருக்கும் மேல் கொடுக்கவேண்டும் என்றது. நீதிபதி அதைப் பின்னர் ஏறத்தாழப் பாதியாக்கினார். கிரீன்பீஸ்தான் பின்னாலிருந்து இயக்கியது என்பது வழக்குப் போட்ட குழாய் நிறுவனத்தின் வாதம். நடத்தியது நாங்கள் என்றார்கள் ஸ்டாண்டிங் ராக் மக்கள். இதனால்தான் 'நாங்கள் ஏற்பாடு செய்த', 'எங்கள் தலைமையில்' என்றெல்லாம் முகநூலில் எழுதவேண்டாம் என்கிறேன். பெருமைக்காகப் போட்ட ஒரு வரி நாளைக்கு யாருடைய வழக்கிலாவது ஆவணமாகிவிடும்.

கைதானவர்களின் வழக்குகள் வருடக்கணக்கில் போகும். வேறு மாநிலத்திலிருந்து வந்து கைதானவர் ஒவ்வொரு வாய்தாவுக்கும் விமானம் ஏறவேண்டும். வேலையில் லீவு கேட்கவேண்டும். அப்போது செய்திக்காரர்கள் யாரும் இருக்கமாட்டார்கள். விமான நிலையத்திலிருந்து கூட்டிவர ஒரு கார், இரவு தங்க ஓர் அறை, நீதிமன்ற வராந்தாவில் ஒரு பிளாஸ்க் தேத்தண்ணியோடு பக்கத்தில் உட்கார ஓர் ஆள். வழக்கறிஞர் குழுவிடம் பெயர் கொடுத்தால் தேதியை அனுப்புவார்கள். முதல்நாள் இரவு இன்னொரு தடவை கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள், கடைசி நேரத்தில் தள்ளிவைப்பது அடிக்கடி நடக்கும்.